ஸ்டோரேஜை அணைப்பதும் எழுப்புவதும்: மின்தடை நாளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் ஏரியா பெயர்களோடு ஒரு பட்டியல் வரும். அதில் நம் ஏரியாவைப் பார்த்ததும் வீட்டில் இருப்பவர்கள் மாவை முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொள்வார்கள். சர்வர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் வயிற்றில் புளி கரையும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஏழு மணி நேரம் ஏ.சி.யையும் சேர்த்து இழுக்கிற ஜெனரேட்டர் எல்லா அலுவலகத்திலும் இல்லை. யூ.பி.எஸ். பேட்டரி மாற்றுவது, எர்த்திங் சரிசெய்வது, ரேக்கை இடம் மாற்றுவது என்று வேறு காரணங்களும் உண்டு. எப்படியானாலும் ஸ்டோரேஜை, அதாவது அலுவலகத்தின் தகவல் எல்லாம் தங்கும் டிஸ்க் பெட்டியை, முழுவதுமாக அணைத்து மறுபடி எழுப்ப வேண்டிய நாள் ஒன்று வந்தே தீரும்.

நடுத்தர அலுவலகங்களில் சாதாரணமாகப் பார்க்கும் ஓர் அமைப்பை வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்குகளை நிர்வகிக்கும் மூளை) உள்ள ஒரு ஸ்டோரேஜ், அதோடு இணைந்த இரண்டு டிஸ்க் ஷெல்ஃப் (டிஸ்குகள் அடுக்கிய பெட்டி), சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் இரண்டு ஃபைபர் ஸ்விட்ச், வி.எம்.வேர் ஓடும் மூன்று சர்வர், அவற்றுக்குள் கணக்கு, டேட்டாபேஸ், மெயில், லாகின் சர்வர் என இருபது முப்பது வி.எம். (ஒரு சர்வருக்குள் தனிக் கம்ப்யூட்டர்போல ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்). உங்களிடம் இருப்பது இதைவிடப் பெரிதாக இருக்கலாம், கீழே வரும் சின்ன நாஸ் பெட்டியாகவும் (நெட்வொர்க்கில் மாட்டும் சின்ன ஸ்டோரேஜ்) இருக்கலாம். வரிசை ஒன்றுதான்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்

அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் டேலியில் ஒரு பில்லைப் போட்டு என்டர் தட்டுகிறார். திரையில் பதிவாகிவிட்டது. ஆனால் அந்தப் பில் டிஸ்குக்கு உடனே போய்விடுவதில்லை. முதலில் சர்வரின் நினைவகத்தில் கொஞ்ச நேரம் தங்கும். லினக்ஸ் சர்வரில் சாதாரணமாக 30 விநாடி வரைகூட அப்படியே இருக்கும். அங்கிருந்து கிளம்பி ஸ்டோரேஜ் கன்ட்ரோலருக்கு வந்தால், கன்ட்ரோலர் அதைத் தன் கேஷில் (வேகமான தற்காலிக நினைவகத்தில்) வாங்கி, பக்கத்துக் கன்ட்ரோலருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, ‘எழுதியாச்சு’ என்று பதில் சொல்லிவிடும். டிஸ்கில் நிஜமாக எழுதுவது அதற்கு அப்புறம்தான். இந்த ஏற்பாடு இல்லையென்றால் ஸ்டோரேஜ் ஆமை வேகத்தில் போகும், அதனால் இது குறையில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிமிடத்திலும், எழுதியாகிவிட்டதாகச் சொல்லப்பட்டு இன்னும் டிஸ்குக்கு வராத தகவல் எங்கேயாவது வழியில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

முறையாக அணைப்பது என்றால் வழியில் இருக்கும் அந்தத் தகவல் முழுவதையும் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். எழுதுகிறவர்கள் முதலில் நிறுத்த வேண்டும், வாங்கி வைப்பவர் கடைசியில். காலையில் இது தலைகீழ். கூட்டுக் குடும்பத்தில் பின் தூங்கி முன் எழுகிற பாட்டியைப் போல ஸ்டோரேஜ் கடைசியில் படுத்து முதலில் எழ வேண்டும். ஏன் இப்படி என்று மனதில் இருந்துவிட்டால், இந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு கருவி உங்கள் ரேக்கில் இருந்தாலும் அதை எப்போது அணைப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முந்தைய வாரமே செய்ய வேண்டியவை

பேக்கப். பேக்கப் ஓடியிருக்கிறது என்று பச்சை டிக் காட்டினால் போதாது. முக்கியமான ஒரு வி.எம்.மையோ ஒரு டேட்டாபேஸையோ வேறு இடத்தில் மீட்டு எடுத்துத் திறந்து பாருங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான்கைந்து வருடம் நிற்காமல் சுழன்ற ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். ஒரு முறை நின்று, சூடு ஆறி, மறுபடி கிளம்பச் சொன்னால் அப்போதுதான் மக்கர் செய்யும். பழைய ஷெல்ஃபில் ஒன்றிரண்டு டிஸ்க் அன்றைக்கு எழாமல் போகலாம் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். அதே அளவு, அதே வகை ஸ்பேர் டிஸ்க் இரண்டு கையில் இருப்பது நல்லது.

அடுத்து, ஸ்டோரேஜின் நிலை. ஏற்கெனவே ஒரு டிஸ்க் பழுதாகி ஆம்பர் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ரீபில்டு (புது டிஸ்கில் தகவலை மறுபடி நிரப்புவது) முழுவதும் முடிந்த பிறகே அணைக்கும் தேதியைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு பவர் சப்ளையும் வேலை செய்கிறதா, கேஷ் பேட்டரி (கரன்ட் போனால் கேஷைக் காப்பது) நன்றாக இருக்கிறதா, ஒவ்வொரு சர்வருக்கும் ஸ்டோரேஜுக்குப் போகும் எல்லாப் பாதைகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து எழுதி வையுங்கள். இன்றைக்கு எட்டுப் பாதை இருந்தது என்று தாளில் இருந்தால்தான், எழுந்த பிறகு ஏழு காட்டும்போது ஒன்று போய்விட்டது என்பது தெரியும். கன்ட்ரோலரின் கான்ஃபிகரேஷனையும், ஸ்விட்சின் ஸோனிங் விவரத்தையும் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்பது) எடுத்து உங்கள் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகிதம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பாஸ்வேர்டு எல்லாம் பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கிறது, பாஸ்வேர்டு மேனேஜர் ஒரு வி.எம்.மில் ஓடுகிறது, வி.எம். ஸ்டோரேஜில் இருக்கிறது, ஸ்டோரேஜைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டோரேஜுக்குள் நுழைய ஆக்டிவ் டைரக்டரி (அலுவலக லாகின்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சேவை) கணக்கை மட்டும் நம்பாதீர்கள். டைரக்டரியே தூங்கும்போது அது உதவாது. கருவியிலேயே இருக்கும் லோக்கல் அட்மின் கணக்கு வேலை செய்கிறதா என்று இந்த வாரமே நுழைந்து பாருங்கள். பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸும் தூங்கும் என்பதால் பெயர்கள் பயன்படாது. கன்ட்ரோலர், ஸ்விட்ச், சர்வர் எல்லாவற்றின் ஐ.பி. முகவரியும் தாளில் இருக்க வேண்டும். வி.சென்டரும் (எல்லா வி.எம்.களையும் நிர்வகிக்கும் மென்பொருள்) டொமைன் கன்ட்ரோலரும் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் லாகின் சர்வர்) எந்தெந்த சர்வரில் ஓடுகின்றன என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எப்படியும் அணைக்கத்தானே போகிறோம், அப்படியே புது ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். எழுந்த பிறகு ஒரு கோளாறு வந்தால் அது நின்று எழுந்ததால் வந்ததா, புது ஃபர்ம்வேரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. அதை வேறொரு நாளைக்கு வையுங்கள்.

ஸ்டோரேஜ் கம்பெனியின் சப்போர்ட்டுக்குத் தானாகத் தகவல் போகும் வசதி உங்களிடம் இருந்தால், இன்ன தேதியில் அணைக்கிறோம் என்று முன்பே பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அணைத்த பத்தாவது நிமிடம் போன் அடிக்கும். வாரண்டி எண், சீரியல் நம்பர், சப்போர்ட் எண் மூன்றும் அதே தாளில்.

கடைசியாக ரேக்கின் பின்பக்கம் ஒரு டார்ச்சோடு போய் நில்லுங்கள். எந்த வயர் எந்தக் கருவிக்கு, எது ஏ லைன், எது பி லைன் (இரண்டு தனித்தனி மின்வழிகள்) என்று ஒவ்வொரு பவர் கார்டிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதுங்கள். கன்ட்ரோலரின் இரண்டு கார்டும் ஒரே பி.டி.யூ.வில் (ரேக்கில் கரன்ட்டைப் பிரித்துக்கொடுக்கும் பிளக் பட்டை) செருகியிருப்பதை நான் கண்டுபிடித்ததெல்லாம் இப்படி டேப் ஒட்டும்போதுதான்.

அணைக்கும் முறை

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். மேலே சொன்ன அளவுள்ள அமைப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்பது மணிக்கு கரன்ட் போகும் என்றால் ஏழரைக்கு ஆரம்பித்து விடுங்கள். லைன்மேன் எட்டே முக்காலுக்கே ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம்.

1. ஆட்களை வெளியே அனுப்புங்கள். முந்தைய நாள் மாலையே எல்லோரும் டேலியை மூடி, திறந்திருக்கும் ஃபைல்களை சேவ் செய்துவிட்டுப் போக வேண்டும். அதையும் மீறி யாராவது திறந்து வைத்திருப்பார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஃபைல் சர்வரில் பார்த்து, போன் போட்டுச் சொல்லி, பிறகு இணைப்பைத் துண்டியுங்கள்.

2. தானாக ஓடும் வேலைகளை நிறுத்துங்கள். பேக்கப் ஜாப், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), இன்னொரு ஊரில் உள்ள ஸ்டோரேஜுக்கு நகல் அனுப்பும் ரெப்ளிகேஷன் எல்லாம். பாதி எழுதிய பேக்கப் எதற்கும் உதவாது. ரெப்ளிகேஷனை முறைப்படி தற்காலிகமாக நிறுத்தினால்தான் எதிர்ப்பக்க ஸ்டோரேஜ், ‘மூலம் செத்துவிட்டது’ என்று தப்பாக நினைக்காது.

3. வி.எம்.களை அணையுங்கள். இங்கே மெனுவில் இரண்டு வார்த்தை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ‘ஷட்டவுன் கெஸ்ட்’, ‘பவர் ஆஃப்’. முதலாவது வி.எம்.முக்குள் இருக்கும் விண்டோஸையோ லினக்ஸையோ முறையாக மூடச் சொல்கிறது. இரண்டாவது வயரைப் பிடுங்குவதற்குச் சமம். முதலாவதையே தேர்ந்தெடுங்கள். வி.எம்.மில் வி.எம்.வேர் டூல்ஸ் என்ற மென்பொருள் நிறுவியிருந்தால்தான் அது வேலை செய்யும், இல்லாதவற்றுக்கு உள்ளே லாகின் செய்து அணைக்க வேண்டும்.

வி.எம்.களுக்குள்ளும் வரிசை உண்டு. முதலில் ஆட்கள் தொடும் அப்ளிகேஷன் சர்வர்கள், அதற்குப் பின்னால் டேட்டாபேஸ், அதற்கும் பின்னால் ஃபைல் சர்வர், எல்லாவற்றுக்கும் கடைசியாக டொமைன் கன்ட்ரோலரும் டி.என்.எஸ்.ஸும். டேட்டாபேஸ் மூட நேரம் எடுக்கும். பெரிய டேட்டாபேஸ் தன் நினைவகத்தில் இருப்பதை எல்லாம் எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகலாம். திரை அசையாமல் நின்றாலும் பொறுத்திருங்கள், அது அங்கே வேலைதான் செய்துகொண்டிருக்கிறது.

வி.சென்டர் வழியாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வி.சென்டரையும் அணைத்தால் பிறகு எங்கிருந்து சர்வரை அணைப்பது? அதற்குத்தான் அது எந்த சர்வரில் ஓடுகிறது என்று எழுதி வைத்தோம். மூன்று சர்வரும் சேர்ந்த கிளஸ்டரின் ஹெச்.ஏ. வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சர்வரை அணைத்ததும் அதன் வி.எம்.களை இன்னொரு சர்வர் எழுப்பப் பார்க்கும். பிறகு ஒவ்வொரு சர்வரின் சொந்த ஐ.பி.யில் நுழைந்து மீதியை முடியுங்கள்.

4. மூன்று சர்வரையும் அணையுங்கள். முன்னால் உள்ள விளக்கு அணையும்வரை பாருங்கள். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கரன்ட் போய் மீண்டும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சர்வரின் பயாஸில் (எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஓர் அமைப்பு இருக்கும். ‘எப்போதும் எழு’ என்று வைத்திருந்தால், கரன்ட் வந்த நொடியில் சர்வர் ஸ்டோரேஜுக்கு முன்பே எழுந்து டிஸ்கைத் தேடித் திண்டாடும். இந்த நாளுக்கு மட்டுமாவது அதை ‘அணைந்தே இரு’ என்று மாற்றுங்கள்.

5. இப்போது ஸ்டோரேஜுக்கு எழுதுபவர் யாரும் இல்லை. உடனே அணைக்க வேண்டாம், நிர்வாகப் பக்கத்தைத் திறந்து போக்குவரத்து எண்ணைப் பாருங்கள். ஐ.ஓ. (படிக்கும், எழுதும் அளவு) பூஜ்யமாகவோ பூஜ்யத்தை ஒட்டியோ இருக்க வேண்டும். இன்னும் எழுதல் வந்துகொண்டிருந்தால் நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு சர்வர் எங்கேயோ ஓடுகிறது. பெரும்பாலும் அது சி.சி.டி.வி. ரெக்கார்டராக இருக்கும், அல்லது எப்போதோ ஒருவர் சோதனைக்காக மாட்டிய பழைய லினக்ஸ் பெட்டி. கண்டுபிடித்து அதையும் முறையாக அணையுங்கள்.

6. கன்ட்ரோலர்கள். பவர் பட்டனையோ பின்பக்க ஸ்விட்சையோ தொடாதீர்கள். நிர்வாகப் பக்கத்தில் உள்ள ஷட்டவுன் வழியாகவே போக வேண்டும். அதைக் கொடுத்ததும் கன்ட்ரோலர் புதிதாக எதையும் வாங்காமல், கேஷில் இருப்பதை டிஸ்குக்கு இறக்கி முடித்துவிட்டு, ‘இனி மின்சாரத்தைத் துண்டிக்கலாம்’ என்ற நிலைக்கு வரும்.

இரண்டு கன்ட்ரோலர் இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. ஒன்று நின்றால் மற்றது அதன் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்படிதான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. முழு நிறுத்தத்தின்போது இது நமக்கு வேண்டாம். இரண்டையும் சேர்த்து நிறுத்தும் விருப்பம் சில கருவிகளில் இருக்கும். நெட்ஆப் போன்றவற்றில் ஹால்ட் கட்டளையோடு, பக்கத்துக் கன்ட்ரோலர் பொறுப்பேற்பதைத் தடுக்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் இந்தப் பக்கத்தை முன்பே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

கன்சோல் கேபிளை (கன்ட்ரோலரை நேரடியாக லேப்டாப்போடு இணைப்பது) மாட்டி லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே செய்வது என் பழக்கம். நிர்வாகப் பக்கம் சீக்கிரமே போய்விடும், அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பது கன்சோலில்தான் தெரியும்.

7. இரண்டு கன்ட்ரோலரும் நின்ற பிறகே கன்ட்ரோலர் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு டிஸ்க் ஷெல்ஃப்கள். ஷெல்ஃபை முதலில் நிறுத்தினால் என்னாகும்? கன்ட்ரோலர் கேஷில் இருப்பதை இறக்க ஓடி வரும்போது டிஸ்க் இருக்காது. ஒரே நேரத்தில் பன்னிரண்டு டிஸ்க் செத்துவிட்டதாக அது முடிவு கட்டும். கன்ட்ரோலரும் டிஸ்கும் ஒரே பெட்டியில் இருக்கும் மாடல் என்றால் இந்தக் கவலை இல்லை.

ஷெல்ஃபை நிறுத்தியதும் அரை நிமிடம் அங்கேயே நின்று கேளுங்கள். டிஸ்குகள் சுழன்று ஓயும் சத்தம் மெல்ல இறங்கும். முழுவதும் அடங்கும்வரை ரேக்கை அசைக்கவோ டிஸ்கைக் கழற்றவோ வேண்டாம்.

8. ஃபைபர் ஸ்விட்ச், நெட்வொர்க் ஸ்விட்ச். பிறகு பி.டி.யூ., யூ.பி.எஸ்., கடைசியாக அந்த அறைக்கான எம்.சி.பி.க்கள். எம்.சி.பி.யைக் கீழே இறக்குவதை விட்டுவிடாதீர்கள். இறக்காவிட்டால் மாலையில் கரன்ட் வந்தவுடன் எல்லாக் கருவியும் ஒரே நொடியில், எந்த வரிசையும் இல்லாமல், எழ ஆரம்பிக்கும். நாம் காலையில் பட்ட பாடு அவ்வளவும் வீண்.

இந்த எட்டையும் முடித்த நேரத்தை ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள்.

சில வாரங்கள், மாதங்கள் என்று நீண்ட காலம் அணைத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.டி.க்களை நினைவில் வையுங்கள். மின்சாரம் இல்லாமல் தகவலைப் பிடித்து வைக்க அவற்றுக்கு ஒரு காலக்கெடு உண்டு. மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுப்படி, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த நிலையில், வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்க வேண்டும். சர்வர் வகைக்கு அது 40 டிகிரியில் மூன்று மாதம்தான். புது எஸ்.எஸ்.டி. இதைவிட அதிகமாகவே தாங்கும். ஆனாலும் நன்றாகத் தேய்ந்த சர்வர் எஸ்.எஸ்.டி.யை ஏ.சி. இல்லாத அறையில் கோடை முழுவதும் போட்டு வைக்காதீர்கள்.

கரன்ட் வந்ததும்

வந்த உடனே ஓட வேண்டாம். பராமரிப்பு முடிந்து முதலில் கொடுக்கும்போது கரன்ட் வந்து வந்து போகும். குறைந்தது இருபது நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு கூப்பிட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். வேலை முடித்து மாட்டும்போது நியூட்ரல் சரியாக இறுகாமல் போனால் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும்.

பிறகு ஏ.சி. அறை வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு யூ.பி.எஸ்.ஸைப் போடுங்கள். யூ.பி.எஸ். சுமையில்லாமல் சில நிமிடம் ஓடி நிலைக்கட்டும்.

முதலில் நெட்வொர்க் ஸ்விட்சும் ஃபைபர் ஸ்விட்சும். ஃபைபர் ஸ்விட்ச் எழுந்து நிற்க ஐந்து நிமிடம்வரை ஆகலாம்.

அடுத்து டிஸ்க் ஷெல்ஃப்கள், கன்ட்ரோலருக்கு முன்பாக. ஒன்றைப் போட்டு, அது நிலைத்த பிறகு மற்றதைப் போடுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் சும்மா சுழலும்போது ஐந்து முதல் எட்டு வாட் இழுக்கும், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இருபது வாட்டையும் தாண்டும். அதனால்தான் ஷெல்ஃப் தன் டிஸ்குகளை ஒரே நேரத்தில் கிளப்பாமல் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளப்பும். போட்டவுடன் விசிறிகள் முழு வேகத்தில் அலறும், பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் தணியும். அந்த இரைச்சலுக்கு நடுவே பச்சை விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு போவதைப் பாருங்கள். எண்ணுங்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று எரிந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கடைசி விளக்கு எரிந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

இந்த இடத்தில் நான் பட்ட ஒரு பாடு உண்டு. பல வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் உடன் வேலை பார்த்த ஒரு தம்பியும். முதல் ஷெல்ஃபைப் போட்டோம். இரண்டாவதைப் போட்டுவிட்டதாக நான் நினைத்தேன், அவன் நான் போட்டதாக நினைத்தான். கன்ட்ரோலர் எழுந்தது. ஒரு ரெய்டு 6 குழுவின் (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்தது) இரண்டு டிஸ்க் அந்த இரண்டாவது ஷெல்ஃபில் இருந்தன. ரெய்டு 6 இரண்டு டிஸ்க் இழப்பைத் தாங்கும் என்பதால் பூல் (டிஸ்குகள் சேர்ந்த மொத்த இடம்) எழுந்துவிட்டது, உடனே முதல் ஷெல்ஃபில் இருந்த ஸ்பேர்களை எடுத்து ரீபில்டும் ஆரம்பித்துவிட்டது. தப்பைக் கண்டுபிடித்து ஷெல்ஃபைப் போட்டபோது பழைய இரண்டு டிஸ்கையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. ரீபில்டு முடிய மறுநாள் மாலை ஆனது. அந்த நேரம் முழுக்க, இன்னும் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று என்ற நிலையில் அந்தக் கம்பெனியின் மொத்தக் கணக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் வரிசையை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் செய்துவிட்டு ‘ஆச்சு’ என்பார். அந்த ‘ஆச்சு’ வராமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

ஷெல்ஃப்கள் தயாரான பிறகு கன்ட்ரோலர்கள். கன்சோலில் பாருங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம், மாடலைப் பொறுத்தது. நடுவில் நின்றதுபோலத் தோன்றினால் மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்யும் ஆசையை அடக்குங்கள்.

சர்வரைத் தொடுவதற்கு முன் ஸ்டோரேஜில் பார்க்க வேண்டியவை:

– இரண்டு கன்ட்ரோலரும் எழுந்து ஒன்றையொன்று பார்க்கின்றனவா, பொறுப்பேற்கும் வசதியை நாம் தடுத்திருந்தால் அது திரும்ப இயங்குகிறதா.
– எல்லா டிஸ்கும், எல்லா பூலும், எல்லா லன்னும் (சர்வருக்கு ஒரு டிஸ்காகத் தெரியும் பகுதி) போன வாரம் எழுதிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா.
– கேஷ் பேட்டரி. நாள் முழுக்க அணைந்திருந்ததால் பேட்டரி இறங்கியிருக்கலாம். அப்போது கன்ட்ரோலர் தானாகவே கேஷை ஒதுக்கிவிட்டு நேரடியாக டிஸ்கில் எழுதும், எல்லாம் மந்தமாக இருக்கும். பேட்டரி ஏறியதும் சரியாகிவிடும்.
– கடிகாரம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியே மாறிப்போயிருக்கும். ஆக்டிவ் டைரக்டரி சாதாரணமாக ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் யாராலும் உள்ளே நுழைய முடியாமல் போகும். இந்த ஒரு காரணத்தால் வீணான இரவுகள் பல.

எல்லாம் சரி என்றால் சர்வர்களை ஒவ்வொன்றாக எழுப்புங்கள். பாதை எண்ணிக்கையைச் சரிபாருங்கள். வி.எம்.களில் முதலில் டொமைன் கன்ட்ரோலரும் டி.என்.எஸ்.ஸும், அடுத்து வி.சென்டர், ஃபைல் சர்வர், டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன்கள். டேட்டாபேஸ் முழுமையாகத் திறந்ததை உறுதி செய்யாமல் அப்ளிகேஷனைக் கிளப்பாதீர்கள். ஹெச்.ஏ., பேக்கப் ஜாப், ரெப்ளிகேஷன், பயாஸ் அமைப்பு ஆகியவற்றைப் பழையபடி மாற்றுவதை இங்கேதான் எல்லோரும் மறப்பார்கள், ஏனென்றால் அப்போது எல்லோருக்கும் பசி.

சொல்லாமல் கரன்ட் போனால்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஜெனரேட்டர் டீசலையும் எண்ணித்தான் ஓட்ட முடியும். முடிவு எடுக்கும் நேரத்தை முன்பே தீர்மானித்துவிடுங்கள். யூ.பி.எஸ். 30 நிமிடம் தாங்கும், வி.எம்.களையும் ஸ்டோரேஜையும் அவசரமாக அணைக்க 20 நிமிடம் ஆகும் என்றால், ஐந்தாவது நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுக்கவில்லையென்றால் அணைக்க ஆரம்பிக்க வேண்டும். கரன்ட் வந்துவிடும் என்று காத்திருக்க இடமில்லை. யூ.பி.எஸ். திரையில் காட்டும் நிமிடத்தையும் அப்படியே நம்பாதீர்கள், மூன்று வருடம் தாண்டிய லெட் ஆசிட் பேட்டரி பாதியில் கைவிடும். யூ.பி.எஸ்.ஸிலிருந்து செய்தி வாங்கி எல்லாவற்றையும் தானே வரிசையாக அணைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, இலவசமான நட் (NUT) உட்பட. அதை அமைத்து, ஒரு விடுமுறை நாளில் நிஜமாகவே கரன்ட்டைத் துண்டித்துச் சோதித்துப் பாருங்கள்.

அதையும் மீறி எல்லாம் ஒரே அடியாக நின்றுபோனால்? டிஸ்குக்கு அடிபடுமோ என்று பயப்படுவார்கள். ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டின் வேகத்தையே மின்சாரமாக மாற்றி, அந்தச் சக்தியில் ஹெட்டைப் பத்திரமான ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். கேஷில் இருந்ததும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பழைய கன்ட்ரோலர்களில் பேட்டரி 48 அல்லது 72 மணி நேரம் கேஷைத் தாங்கிப் பிடிக்கும். புதியவற்றில் சின்ன பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ தரும் சக்தியில் கேஷ் முழுவதும் ஃபிளாஷில் இறங்கிவிடும். பழைய வகையாக இருந்தால் அந்த மணிநேரக் கெடுவுக்குள் எழுப்பியாக வேண்டும்.

நிஜ ஆபத்து எழுப்பும்போது வருகிறது. கேஷில் எழுதப்படாத தகவல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா அழிக்கவா என்று கன்ட்ரோலர் கேட்கலாம். சர்வருக்குள்ளேயே இருக்கும் ரெய்டு கார்டாக இருந்தால் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (தனக்குத் தெரியாத ரெய்டு அமைப்பு டிஸ்கில் இருக்கிறது) என்று சொல்லி இம்போர்ட், கிளியர் என இரண்டு வழி காட்டும். கிளியர், டிஸ்கார்டு, இனிஷியலைஸ் என்ற சொல்லைத் திரையில் எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிட்டு, அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள். இம்போர்ட்டும் எப்போதும் பாதுகாப்பானது இல்லை. பல நாள் முன்பே விலகிப்போன ஒரு டிஸ்க் பழைய தகவலோடு உள்ளே வந்து கலந்துவிடக் கூடும். திடீர் மின்தடையைவிட, அதற்குப் பிறகு பதற்றத்தில் அழுத்திய ஒரு பட்டனால் போன தகவல்தான் நான் பார்த்தவரை அதிகம்.

செஃப் வைத்திருப்பவர்களுக்கு

பல சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் செஃப் கிளஸ்டரில், ஒரு டிஸ்க் காணாமல் போய்ப் பத்து நிமிடம் ஆனால் அது திரும்பாது என்று முடிவு கட்டி, அதன் தகவலை மற்ற இடங்களில் நகலெடுக்க ஆரம்பித்துவிடும். அதனால் அணைக்கும் முன் நோஅவுட் கொடியை (டிஸ்கை விலக்காதே என்று சொல்லும் அமைப்பு) ஏற்றுங்கள், ரீபேலன்ஸ், பேக்ஃபில் தொடர்பான கொடிகளையும் சேர்த்து. முதலில் அதைப் பயன்படுத்துபவர்கள், பிறகு டிஸ்குகளைக் கவனிக்கும் ஓ.எஸ்.டி. சர்வர்கள், கடைசியில் கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்கள். எழுப்பும்போது மானிட்டர்கள் முதலில். எல்லா ஓ.எஸ்.டி.யும் வந்து சேர்ந்த பிறகு கொடிகளை இறக்க மறக்காதீர்கள்.

சின்ன நாஸ் பெட்டி

ஆடிட்டர் அலுவலகம், போட்டோ ஸ்டுடியோ, வீடு. இரண்டு அல்லது நான்கு டிஸ்க் உள்ள சினாலஜி, கியூநாப் பெட்டிகள்தான் இங்கே அதிகம். இவற்றில் வேலை சுலபம், ஆனால் இவற்றைத்தான் மெயின் ஸ்விட்சில் அணைக்கிறார்கள். கம்ப்யூட்டர்களில் திறந்திருக்கும் ஃபைல்களை மூடிவிட்டு, நாஸின் பக்கத்தில் நுழைந்து ஷட்டவுன் கொடுங்கள். நுழைய வழியில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். சினாலஜியில் ஒரு பீப் சத்தம் கேட்டு விளக்கு மின்ன ஆரம்பித்ததும் விரலை எடுத்துவிடலாம், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்ச்.

நாஸ் வாங்கும்போதே யூ.எஸ்.பி. போர்ட் உள்ள ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸையும் சேர்த்து வாங்கி, அந்த யூ.எஸ்.பி. கேபிளை நாஸில் மாட்டுங்கள். பல பேர் பவர் கார்டை மட்டும் மாட்டிவிட்டு இதை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். இதை மாட்டி, செட்டிங்கில் யூ.பி.எஸ். வசதியை ஆன் செய்தால்தான் கரன்ட் போன சில நிமிடத்தில் நாஸ் தானே எழுதுவதை நிறுத்திப் பத்திரமான நிலைக்குப் போகும். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும்.

மறுநாள் காலை

எழுப்பிய அன்றிரவே முழு பேக்கப் ஒன்று ஓடட்டும். பழைய டிஸ்குகள் எல்லா மூலையையும் ஒரு முறை படிக்கும்போதுதான் சில கோளாறுகள் வெளியே வரும். காலையில் வந்ததும் பேக்கப் முடிந்ததா என்று பாருங்கள், அப்புறம் ஸ்டோரேஜின் லாகைத் திறந்து நேற்று மாலைக்குப் பிறகு புதிதாக ஏதாவது டிஸ்க் பிழை வந்திருக்கிறதா என்று தேடுங்கள். ரேக்கின் பின்பக்கம் போய் எல்லா பவர் சப்ளையிலும் பச்சை எரிகிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, நேரங்கள் எழுதிய அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டு எழுதிய தாளை மட்டும் பிரித்தெடுத்துப் பூட்டி வையுங்கள்.